‘24 மணி நேரத்தில் உங்கள் ஐடி முடக்கப்படும்’ என்று வரும் மெயிலை நம்பலாமா?

பெரியபட்டினத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பத்தாம் வகுப்பு படிக்கும் தம்பி ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் விளையாடுகிறான். வாப்பா குவைத்தில் இருக்கிறார். தம்பியின் ஐடி, அதாவது விளையாட்டுக் கணக்கு, வாப்பாவின் ஜிமெயிலோடு இணைந்திருக்கிறது. முந்தாநாள் இரவு, இந்த விளையாட்டை நடத்தும் கம்பெனியான கரினா அனுப்பியது போல ‘கரினா சப்போர்ட்’ என்ற பெயரில் ஒரு மெயில் வந்திருக்கிறது. தடைசெய்யப்பட்ட மென்பொருள் பயன்படுத்தியதாகப் புகார் வந்துள்ளது, 24 மணி நேரத்துக்குள் முறையீடு செய்யாவிட்டால் ஐடி நிரந்தரமாக முடங்கிவிடும் என்று அதில் இருக்கிறது. கீழே ஓர் ஆரஞ்சுப் பொத்தான். தம்பி அழாத குறையாக நிற்கிறான். இது உண்மையா, பொய்யா, எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அவர் கேள்வி. அதற்குள்ளே இன்னும் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. பேசாமல் விட்டுவிட்டால் ஐடி போய்விடுமா என்பது ஒன்று. தம்பி ஏற்கெனவே அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால் வாப்பாவின் ஜிமெயிலும் அதோடு தொங்கிக்கொண்டிருக்கும் மற்றதெல்லாமும் என்ன ஆகும் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிய விஷயம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் துபாயில் ஒரு கம்பெனியின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தவன். ஊர் திரும்பி இப்போது கீழக்கரையில் கம்ப்யூட்டர், மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கோடை விடுமுறையும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலமும் ஒன்றாக வருகிற மாதங்களில், வீட்டில் போன் சும்மா கிடக்கும், பையன்களும் சும்மா இருப்பார்கள். ‘அண்ணே, ஐடி போயிருச்சு’ என்று கடைக்கு வருகிறவர்கள் அப்போதுதான் அதிகம். அதனால் இந்த ஆரஞ்சுப் பொத்தானின் பல வடிவங்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் நேரடியான பதில். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அது போலி மெயில்தான். மெயிலையே என் கண்ணால் பார்க்கவில்லை என்பதால் சத்தியம் செய்ய மாட்டேன்; ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் கட்டுவேன். காரணம், இந்த மாதிரி விளையாட்டுகளில் ஒரு ஐடியைத் தடைசெய்தால் விளையாட்டைத் திறந்து உள்ளே நுழையும்போதே அது திரையில் வந்துவிடும். தம்பி இன்று காலையிலும் உள்ளே போய் ஒரு மேட்ச் ஆடியிருக்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம், தடை போடுகிறவர்கள் ‘இன்னும் ஒரு நாளில் தடை போடப்போகிறோம், வந்து பாஸ்வேர்டைக் கொடுத்துத் தடுத்துக்கொள்ளுங்கள்’ என்று தவணை கொடுப்பதில்லை. தடைசெய்யப்பட்ட மென்பொருளைக் கண்டுபிடித்தால் முதலில் தடை, முறையீடெல்லாம் பிறகு. 24 மணி நேரம் என்ற கெடு, நீங்கள் யாரிடமும் கேட்டுப் பார்க்காமல் இருப்பதற்காக வைத்தது.

எனவே விட்டுவிட்டால் ஐடி போகாது. உண்மையாகவே ஏதாவது சிக்கல் இருக்குமோ என்று மனம் கேட்காவிட்டால், மெயிலை மூடிவிட்டு விளையாட்டைத் திறந்து, அதற்குள்ளேயே இருக்கும் வாடிக்கையாளர் உதவிப் பகுதி வழியாகக் கேளுங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ‘இந்த மெயில் உண்மையா’ என்ற கேள்விக்கு நூற்றுக்கு நூறு விடை கிடைக்காமலே போகலாம். ‘மெயில் சொல்கிற வேலையை மெயிலைத் தொடாமல் வேறு வழியில் செய்ய முடியுமா’ என்ற கேள்விக்கு எப்போதும் விடை உண்டு. மெயில் உண்மையாக இருந்தாலும் அந்த வழியில் போவதால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கடைக்கு வரும் பையன்களிடம் நான் சொல்லித் தருவது இந்த ஒரு வழக்கத்தைத்தான். மற்ற அடையாளங்களெல்லாம் இதற்குப் பிறகு.

இருந்தாலும் அடையாளங்களைத்தான் கேட்டீர்கள், சொல்கிறேன். ஜிமெயில் செயலியில் அனுப்பியவர் என்று தடித்த எழுத்தில் தெரிவது வெறும் பெயர். தபால் உறையில் அனுப்புநர் இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, அதே கதைதான். அந்தப் பெயருக்குக் கீழே ‘டு மீ’ என்று சின்னதாக இருக்கும். பக்கத்தில் உள்ள கீழ்நோக்கிய குறியைத் தொட்டால்தான் உண்மையான முகவரி தெரியும். இதிலும் ஒரு தந்திரம் உண்டு: பெயர் இருக்கவேண்டிய இடத்திலேயே ஒரு மெயில் முகவரியை எழுதிவிடுவார்கள். பார்த்தவுடன் ‘சப்போர்ட் அட் கரினா டாட் காம்’ என்று தெரியும். தொட்டுப் பார்த்தால் உள்ளே வேறு ஏதோ முகவரி இருக்கும். தொடாமல் முடிவு செய்யாதீர்கள்.

முகவரியைப் படிக்கவும் ஒரு முறை இருக்கிறது. மெயில் முகவரி என்றால் ‘அட்’ குறிக்குப் பின்னால் வருவதை வலது கோடியிலிருந்து இடதுபக்கமாகப் படியுங்கள். லிங்க் என்றால் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி முதலில் வரும் ஒற்றைச் சாய்கோட்டைப் பிடித்து, அங்கிருந்து இடதுபக்கமாகப் படியுங்கள். முதலில் வருவது ‘டாட் காம்’ போன்ற வால். அதற்கு அடுத்த சொல்தான் சொந்தக்காரர். ‘சப்போர்ட் டாட் கரினா டாட் காம்’ என்றால் சொந்தக்காரர் கரினா. ‘கரினா டாட் சப்போர்ட்சென்டர் டாட் காம்’ என்றால் சொந்தக்காரர் சப்போர்ட்சென்டர் என்று பெயர் பதிந்துகொண்ட யாரோ ஒருவர். கரினா என்ற சொல் அங்கே அலங்காரம். ‘கரினா’ என்று எழுதிச் சின்னக் கோடு போட்டு ‘ஹெல்ப்’ என்று ஒட்டியிருந்தாலும் அது வேறு ஆள்தான். எழுத்து மோசடியும் நடக்கும். ஆங்கிலச் சின்ன எழுத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் மொபைல் திரையில் எம் போலவே தெரியும். கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தின் பெயர் எம்மில் முடிவதால், கம்ப்யூட்டரில் விளையாடும் பிள்ளைகளை இப்படி ஏமாற்றுவது சுலபம். அம்பத்து வயதுக் கண்ணுக்கு என்ன, பதினைந்து வயதுக் கண்ணுக்கே தெரியாது. பொத்தான் எங்கே கொண்டுபோகிறது என்று பார்க்க, தட்டாமல் விரலை அதன்மேல் அழுத்திப் பிடியுங்கள். முகவரி எழும்பி வரும். கை நடுங்கித் தட்டிவிடுவோம் என்ற பயம் இருந்தால் அதையும் செய்யவேண்டாம்.

முகவரி விசித்திரமாக இருந்தாலே போலி என்றும் சொல்லிவிட முடியாது. ஃபேஸ்புக் தன் பாதுகாப்பு மெயில்களை ‘ஃபேஸ்புக்மெயில் டாட் காம்’ என்ற முகவரியிலிருந்து அனுப்புகிறது. பார்த்தால் போலி மாதிரியே இருக்கும்; ஆனால் அது அவர்களுடையதுதான். இந்தக் குழப்பத்துக்கு ஃபேஸ்புக்கே ஒரு வழி வைத்திருக்கிறது. அதன் பாதுகாப்பு செட்டிங்ஸில், அண்மையில் உங்களுக்கு என்னென்ன மெயில் அனுப்பினோம் என்ற பட்டியல் இருக்கும். மெயில் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அது ஃபேஸ்புக் அனுப்பியதில்லை. கூகுளிலும் கணக்குக்குள் போய்ப் பாதுகாப்புப் பகுதியைத் திறந்தால் அண்மையில் நடந்தவை வரிசையாக இருக்கும். ‘புதிய கருவியிலிருந்து நுழைவு’ என்று மெயில் வந்தால் அங்கே போய்ச் சரிபாருங்கள்.

நான் சர்வர் வேலையில் இருந்தவன் என்பதால் ‘ஹெடர் பார்த்தால் தெரிந்துவிடாதா’ என்று நண்பர்கள் கேட்பார்கள். மெயில் எந்த வழியாக வந்தது என்று அதோடு மறைந்து வரும் குறிப்புதான் ஹெடர். ஓரளவு தெரியும். கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் மூல வடிவத்தைக் காட்டச் சொன்னால் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று சோதனைகளின் முடிவு மேலே வரும். அந்த முகவரியின் பெயரால் மெயில் அனுப்ப இந்த சர்வருக்கு அனுமதி உண்டா, மெயிலில் உள்ள டிஜிட்டல் கையெழுத்து சரிதானா, இரண்டில் தேறிய ஒன்றாவது நம் கண்ணுக்குத் தெரியும் முகவரியோடு பொருந்துகிறதா என்று பார்ப்பவை இவை. ‘ஃபெயில்’ என்று இருந்தால் பெரும்பாலும் போலி. ‘பாஸ்’ என்று இருந்தால் மட்டும் உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. திருடன் தானே ஒரு முகவரியை வாங்கி, தன் மெயிலுக்குத் தானே ஒழுங்காகக் கையெழுத்திட்டால் அதுவும் பாஸ்தான். 2025 ஏப்ரலில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒன்று வெளியே வந்தது. கூகுளையே ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை மெயில் அனுப்பவைத்து, கூகுளின் கையெழுத்து கலையாமல் அதை அப்படியே மற்றவர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். முகவரி கூகுளுடையது, கையெழுத்துச் சோதனையிலும் தேறியது, உள்ளே இருந்த லிங்க் மட்டும் போலிப் பக்கத்துக்குப் போனது. ஹெடர் படித்தே பிழைத்த நான் சொல்கிறேன், வீட்டில் இருப்பவர்கள் இதில் தலையைக் கொடுக்க வேண்டாம்.

முன்பு சொல்லிக்கொண்டிருந்த சில அடையாளங்கள் இப்போது செல்லாது. எழுத்துப்பிழையும் தப்பான ஆங்கிலமும் இருந்தால் போலி என்பார்கள். இன்று யார் வேண்டுமானாலும் ஏஐயிடம் சொல்லிச் சுத்தமான ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். லோகோ, நிறம், அடிக்குறிப்பு எல்லாம் உண்மையான மெயிலிலிருந்து எடுத்து ஒட்டியவை. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம் என்பது தொடக்கத்திலிருந்தே தப்பான பாடம். நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. எதிரே இருப்பவன் யோக்கியன் என்பதற்கு இல்லை. ஜனங்கள் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் 2023இல் குரோம் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது. பிறகு, ‘டியர் பிளேயர்’ என்று மொட்டையாக விளித்தால் சந்தேகப்படலாம். ஆனால் தம்பியின் விளையாட்டுப் பெயரையும் ஐடி எண்ணையும் சரியாகப் போட்டிருந்தால் உண்மை என்று நினைக்காதீர்கள். அந்த எண் அவனோடு ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். யூடியூப் லைவின் கமெண்டில் அவனே நாலு இடத்தில் போட்டிருப்பான்.

நம் கரைப்பக்கத்து வீடுகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, அது மெயிலில் வரும் ஊர்ப் பெயர். ‘உங்கள் கணக்கில் சென்னையிலிருந்து யாரோ நுழைந்திருக்கிறார்கள்’ என்று வந்தால் ஏர்வாடியிலோ மண்டபத்திலோ இருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். மொபைல் டேட்டாவின் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் போனுக்குக் கிடைக்கும் எண்) நீங்கள் நிற்கும் டவரை வைத்து வருவதில்லை. அது நெட்வொர்க் கம்பெனியின் பொதுத் தொகுப்பிலிருந்து வருவது. அதனால் வாலிநோக்கத்தில் உட்கார்ந்து நுழைந்தாலும் சென்னை என்றோ மதுரை என்றோ, சில சமயம் வேறு மாநிலத்து ஊரோ கூடக் காட்டும். உங்கள் வீட்டில் இன்னொரு குழப்பமும் சேர்கிறது. அதே ஜிமெயில் குவைத்தில் வாப்பாவின் போனிலும் திறந்திருக்கிறது. அவர் போன் மாற்றினால் ‘குவைத்திலிருந்து புதிய கருவி’ என்று உங்களுக்கு வரும். தம்பி இங்கே புதிய போனில் போட்டால் அவருக்கு அங்கே வரும். இரண்டு பக்கமும் உண்மையான எச்சரிக்கைகள். இப்படி உண்மை மெயிலே அடிக்கடி பயமுறுத்துவதால், போலி வரும்போது வித்தியாசம் தெரியாமல் போகிறது. ஊர்ப் பெயரை விட்டுவிட்டு நேரத்தையும் போன் மாடலையும் பாருங்கள். வாப்பா நேற்று புதுப் போன் வாங்கினாரா என்று ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் அனுப்பிக் கேட்டால் தீர்ந்தது.

இனி, பொத்தானை அழுத்தினால் வரும் பக்கம். அங்கே ‘கூகுள் மூலம் உள்நுழைக’, ‘ஃபேஸ்புக் மூலம் உள்நுழைக’ என்று இருக்கும். பரிசுக் குறியீடுகளை மாற்றும் கரினாவின் உண்மையான பக்கத்திலும் இதே பொத்தான்கள் உண்டு. பையன்கள் ஏமாறுவது அதனால்தான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. உங்கள் போனின் குரோமில் ஜிமெயில் கணக்கு ஏற்கெனவே திறந்திருந்தால், உண்மையான கூகுள் வழக்கமாகக் கணக்குப் பட்டியலைக் காட்டி ‘எது வேண்டும்’ என்றுதான் கேட்கும். மெயில் முகவரியை அடி, பாஸ்வேர்டை அடி என்று வெறும் கட்டம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சில நேரம் உண்மையான கூகுளும் பாஸ்வேர்டைத் திரும்பக் கேட்கும். அப்போது, சேமித்து வைத்த பாஸ்வேர்டைப் போன் தானாக நீட்டுகிறதா என்று பாருங்கள். நம் கண்ணை ஏமாற்றலாம், பாஸ்வேர்ட் மேனேஜரை அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது. முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் அது வாய் திறக்காது. அது நீட்டாதபோது நாமாக நினைவிலிருந்து அடிப்பதுதான் விபத்து.

கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்களுக்கு இதில் இன்னொரு வகை இருக்கிறது. உள்நுழை என்று அழுத்தினால் சின்ன ஜன்னல் ஒன்று திறக்கும். அதன் மேல் பட்டையில் சரியான முகவரியே இருக்கும். ஆனால் அது நிஜமான ஜன்னல் இல்லை, பக்கத்துக்குள்ளேயே வரைந்த ஜன்னல். 2022இல் ஸ்டீம் கணக்குகளைக் குறிவைத்து இந்த முறையில் நிறைய வேலை நடந்தது. அந்தச் சின்ன ஜன்னலை மவுஸால் பிடித்து, பிரௌசரின் ஓரத்தைத் தாண்டி வெளியே இழுத்துப் பாருங்கள். நிஜ ஜன்னல் வெளியே வரும். வரைந்தது ஓரத்தோடு நின்றுவிடும். மொபைலில் இந்தச் சோதனை செல்லாது.

‘ஓடிபி இருக்கிறதே, பாஸ்வேர்ட் போனால் போகட்டும்’ என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். இது ஆபத்தான தைரியம். போலிப் பக்கம் நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டை அந்த நொடியே உண்மையான கூகுளில் போடும். கூகுள் ஓடிபி அனுப்பும். நீங்கள் அதையும் போலிப் பக்கத்தில் அடிப்பீர்கள். அது உள்ளே நுழைந்துவிடும். ஓடிபி இல்லாததைவிட இருப்பது நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த வகைத் திருட்டை அது தடுக்காது. தடுப்பது பாஸ்கீ. கைரேகை வைத்துத் திறக்கும் அந்த முறை வலைத்தள முகவரியோடு பிணைக்கப்பட்டது என்பதால் போலி முகவரியில் வேலையே செய்யாது. வாப்பாவின் கூகுள் கணக்கில் பாஸ்கீ போடுவது சில நிமிட வேலை. இரண்டு போனிலும் போடலாம்.

பரிசு தருகிறோம் என்று வரும் மெயில்களுக்கு ஒரு சுலபமான உரைகல் வைத்திருக்கிறேன். யாராவது தம்பியின் ஐடிக்கு உண்மையாகவே டைமண்ட் (விளையாட்டுக்குள் செலவழிக்கும் காசு) போட நினைத்தால் அவர்களுக்கு வேண்டியது அவனுடைய ஐடி எண் மட்டும்தான். டாப்அப் செய்யும் தளங்கள் அந்த எண்ணைத்தான் கேட்கின்றன. உள்ளே போடுவதற்கு எண் போதும். பாஸ்வேர்ட் வேண்டுமென்றால் எதையோ வெளியே எடுக்கப்போகிறார்கள். பரிசுக் குறியீடும் அப்படித்தான்: 12 அல்லது 16 எழுத்து, எண் கலந்த ஒரு கோவை, அவ்வளவுதான். அதைச் சரியான தளத்தில் போட்டால் பரிசு விளையாட்டுக்குள் இருக்கும் மெயில் பகுதிக்கு வந்து சேரும். கூகுள் ஃபார்ம் ஒன்றை அனுப்பி அதில் பாஸ்வேர்ட் கேட்டால், அந்த ஃபார்மின் அடியைப் பாருங்கள். பாஸ்வேர்டை இதில் எழுதாதீர்கள் என்று கூகுளே சின்ன எழுத்தில் போட்டிருக்கும்.

நம் பிள்ளைகள் இவ்வளவு எளிதில் விழுவதற்கு அவர்கள் பேராசை மட்டும் காரணம் இல்லை என்பது என் கட்சி. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடைசெய்யப்பட்டது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது. 2022 ஜூலையில் அதுவும் பிளே ஸ்டோர் போன்ற செயலிக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பியது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடைபட்டது, மேக்ஸ் மட்டும் மிஞ்சியது. 2023 ஆகஸ்டில் ‘ஃப்ரீ ஃபயர் இந்தியா’ செப்டம்பர் 5 அன்று வருகிறது என்று அறிவித்துவிட்டுக் கடைசி நேரத்தில் தள்ளிப்போட்டார்கள். ஒவ்வொரு இடைவெளியிலும் பையன்கள் ஏதோ ஒரு டெலிகிராம் குழுவில் வந்த ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நேரடியாக ஏற்றும் கோப்பு) இறக்கி ஏற்றினார்கள். பழைய ஐடியின் டேட்டாவை மாற்றவேண்டும் என்று லிங்க் லிங்காகப் போய் லாகின் செய்தார்கள். செயலிக் கடைக்கு வெளியிலிருந்து வருவதும் சரிதான் என்ற பழக்கம் அப்படித்தான் படிந்தது. இன்றைக்கும் மெயிலில் ஏபிகேயோ, பாஸ்வேர்ட் போட்ட ஜிப் கோப்போ வந்தால் திறக்கவே கூடாது. வைரஸ் சோதனை உள்ளே எட்டிப்பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் ஜிப்புக்குப் பாஸ்வேர்ட் போடுகிறார்கள். கம்ப்யூட்டரில் அப்படிப்பட்ட கோப்பு ஓடினால் பாஸ்வேர்டைத் திருடாமலே, ஏற்கெனவே திறந்திருக்கும் கணக்கின் குக்கீயை (உள்ளே நுழைந்திருப்பதற்கான அடையாளக் குறிப்பு) எடுத்துக்கொண்டு போய்விடும்.

தம்பியிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள், அடிக்காமல் கேளுங்கள்: போன வாரம் எங்காவது ஜிமெயில் முகவரியைக் கொடுத்தாயா? இந்த மெயில்கள் பெரும்பாலும் வானத்திலிருந்து விழுவதில்லை. இன்ஸ்டாகிராமிலோ யூடியூப் கமெண்டிலோ ‘இலவச டைமண்ட், மெயில் ஐடியைப் போடு’ என்று ஒருவன் கேட்டிருப்பான், இவன் போட்டிருப்பான். அதற்குப் பிறகுதான் மெயில் வரும். திட்டுவார்கள் என்று பயந்தால் பாஸ்வேர்ட் அடித்ததைச் சொல்ல மாட்டான், நமக்கு நேரம் போய்விடும். இதோடு சேர்த்து ஒன்று: அவன் ஐடி யாரிடமாவது காசு கொடுத்து வாங்கியது என்றால் கதையே வேறு. பழைய சொந்தக்காரன் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதை ஹேக்கிங் என்று சொல்லிக்கொண்டு கடைக்கு வருகிறவர்களும் உண்டு.

பாஸ்வேர்ட் அடித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். ஐடியைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் ஜிமெயிலைக் காப்பாற்றுங்கள். வேறொரு போனிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, பாதுகாப்புப் பகுதியில் தெரியும் எல்லாக் கருவிகளையும் வெளியேற்றுங்கள். மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். திருடன் அவற்றை மாற்றியிருந்தாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். மாற்றிய பிறகு 7 நாள் வரை பழைய எண்ணையும் மெயிலையும் வைத்துக் கணக்கை மீட்க முயல கூகுள் இடம் தருகிறது. அடுத்து யாரும் பார்க்காத இடம்: ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டும். கம்ப்யூட்டரில் திறந்தால்தான் முழுதாகத் தெரியும். ‘பாதுகாப்பு’ என்ற சொல் வரும் மெயிலையெல்லாம் தானாக அழித்துவிடு என்று திருடன் ஒரு ஃபில்டர் போட்டு வைத்தால், பாஸ்வேர்ட் மாற்றிய பிறகும் எச்சரிக்கைகள் உங்கள் கண்ணில் படாது. இந்தக் கணக்கோடு இணைந்திருக்கும் வெளிச் செயலிகளில் தெரியாதது இருந்தால் நீக்குங்கள். ஃபேஸ்புக்கிலும் அதே பாஸ்வேர்ட் என்றால் அதையும் மாற்றுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு விளையாட்டுக்குள் போய் உதவிப் பகுதியில் எழுதலாம். கூகுள் கணக்கு கையில் இருந்தால் ஐடி திரும்ப வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. அது போய்விட்டால் ஐடியைப் பற்றி என்னால் ஒரு வாக்கும் தர முடியாது.

பணம் போயிருந்தால் யோசிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்துவதுதான் அந்த எண்ணின் வேலை என்பதால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியலாம். ராமநாதபுரத்தில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையமும் இருக்கிறது. கூகுள் பிளே வழியாகப் பணம் போயிருந்தால், நாம் செய்யாத கொள்முதல் என்று கூகுளிடமே புகார் கொடுக்கலாம். விளையாட்டு ஐடி மட்டும் போனதற்குப் புகார் எடுப்பார்களா என்று பலர் தயங்குகிறார்கள். அடுத்தவர் பாஸ்வேர்டை ஏமாற்றி வாங்கிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவிலும், ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியே ஏமாற்றுவது 66டி பிரிவிலும் குற்றம். இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறை உண்டு. சட்டத்தில் இடம் இருக்கிறது. நடைமுறையில் பணம் போன வழக்கைப் பிடிக்கும் வேகத்தில் ஐடி போன வழக்கைப் பிடிப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எப்படியானாலும் அந்த மெயிலை அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டில் ஹெடர் இருக்காது. விசாரிக்கிறவர்களுக்கு மெயிலே வேண்டும்.

இப்போது எதுவும் போகவில்லை என்றாலும் ஒரு வேலையை இந்த வாரமே முடித்துவிடுங்கள். வாப்பாவின் கணக்கில் மீட்பு எண்ணாக எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, ரீசார்ஜ் செய்யாமல் எப்போதோ செத்துப்போன இந்திய சிம்மின் எண் அங்கே இருப்பதை. அந்த எண்ணை நெட்வொர்க் கம்பெனி பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். கணக்கு போய்விட்டது என்று ‘குறியீடு அனுப்பு’ பொத்தானை நீங்கள் தட்டும்போது குறியீடு முகம் தெரியாத ஒருவர் போனுக்குப் போகும். வாப்பாவின் குவைத் எண்ணையும் உங்கள் எண்ணையும் சேர்த்துவிட்டு, பழையதை எடுத்துவிடுங்கள். வாப்பா போனில் இருக்கும்போது பேசிக்கொண்டே செய்யலாம்; சரிபார்க்கும் குறியீடு அவருக்கு அங்கே வரும், அவர் வாசிக்க வாசிக்க நீங்கள் இங்கே அடிக்கலாம். அது அவர் குரல்தான் என்பது உங்களுக்குத் தெரியும் என்பதால் அந்த ஒரு ஓடிபியை மட்டும் வாங்கலாம்.